அடுக்களையிற் கற்ற கல்வி

யாழ்ப்பாணத்துத் தமிழர் சமையலறையைக் குசினி என்று வழங்குவர். போர்த்துக்கேயர் இந்நாட்டின் கரையோரங்களை ஆண்ட காலத்தில், ‘கொசீஞா’ என்னும் அவர்தம் சொல் நம் வீடுகளுட் புகுந்து குசினி ஆயிற்று. பிரெஞ்சு மக்களோ சமையலறையையும் சமையற்கலையையும் ‘குயிசீன்’ என்னும் ஒரே சொல்லாற் குறிக்கின்றனர். கொசீஞா, குயிசீன் ஆகிய இரண்டும் இலத்தீன் மொழியின் ஒரே வேரிற் பிறந்தவை. ஆகவே, நேயர்களே, பிரான்சு தேசத்துக் குசினிகளைப் பற்றி இன்று நான் பேசப் புகுவது, நமக்கு முற்றிலும் அந்நியமான ஒரு பொருளைப் பற்றியதன்று.

ஓர் இடத்துக்கும் ஒரு கலைக்கும் ஒரே பெயர் அமைந்திருத்தல் சிந்திக்கத் தக்கது. அந்த இடத்திலன்றி அந்தக் கலையைக் கற்க இயலாது என்ற எண்ணம் அந்நாட்டிற் பல நூற்றாண்டுகளாக வேரூன்றியிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மவரும் கூறுவர். ஆனால் அப்பழமொழியைக் கூறுவோர், அதன்பின் எழவேண்டிய வினாவைப் பெரும்பாலும் கேட்பதில்லை. ஏடு உதவாதெனின், உதவுவது யாது? அதனை யார், எங்கே, என்ன விலை கொடுத்துப் பெற்றனர்? இவ்வினாக்களுக்குப் பிரெஞ்சுச் சமையலாளர் வரலாற்றிலே விடை தேடுவதே இப்பேச்சின் நோக்கம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலே, ஒன்பதாம் லூயி மன்னன் காலத்திற் பாரிஸ் நகரத்தின் தலைமை அதிகாரியாக விளங்கிய எத்தியேன் புவாலோ என்பார், 1268ஆம் ஆண்டளவில், அந்நகரத்துக் கைத்தொழிற் சங்கங்களின் விதிகளைத் தொகுத்தார். ஏறத்தாழ நூறு தொழில்களின் விதிகள் அதில் இடம்பெற்றன. சமைத்து விற்போரின் தொழிலும் அவற்றுள் ஒன்று. சிறுவன் ஒருவன் ஆசானிடம் மாணாக்கனாகச் சேர்வான். குறித்த காலம் பணி செய்து தொழிலாளனாவான். பின்னர் சங்கம் ஏற்றுக்கொள்ளின் தானும் ஆசானாவான். இதுவே அக்காலத்துக் கைத்தொழிற் கல்வியின் ஒழுங்கு. பாடப் புத்தகம் இல்லை, தேர்வுத்தாள் இல்லை. ஆசானுடைய கையைப் பார்த்துத் தன் கையைப் பழக்குவதே கல்வி.

அரண்மனைக் குசினிகளிலும் அதுவே முறை. கியோம் திரேல் என்னும் சிறுவன் 1326ஆம் ஆண்டளவில், அரசி ழான் தெவ்ரோ என்பாரின் அடுக்களையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தான். அக்காலத்துப் பெரிய குசினிகளிலே இத்தகைய சிறுவர் செய்த வேலை, திறந்த நெருப்பின் முன்னின்று இறைச்சி கோத்த இருப்புக் கம்பியைத் திருப்பிக்கொண்டிருப்பதே. முகம் கருக, கை காய்க்க, மணிக்கணக்கில் அவ்வேலை நடைபெறும். அங்ஙனம் தொடங்கிய திரேல், ஐந்தாம் சார்ள்ஸ், ஆறாம் சார்ள்ஸ் ஆகிய மன்னர்களின் சமையற் பணிகளில் உயர்பதவி வகித்து, 1395ஆம் ஆண்டளவிற் காலமானார். தயேவான் என்னும் பட்டப்பெயரால் இன்றும் அவர் அறியப்படுகின்றார். அவருடைய கல்லறைக் கல்லிலே, வீரர்களுக்கு உரிய கேடயத்தில் மூன்று சமையற் பானைகள் பொறிக்கப்பட்டுள்ளன. அடுப்படியில் நின்ற சிறுவன் அக்காலத்து அடைந்த உயர்வுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆயினும், கம்பி திருப்பிய சிறுவர் எத்தனையோ பேர். கல்லறையிற் பானை பொறிக்கப்பெற்றவர் மிகச் சிலரே. இதனையும் நாம் மறத்தலாகாது.

பொதுமக்கள் சென்று உண்ணும் உணவுச்சாலை தோன்றியது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே. முதலில், உடலைத் தேற்றும் இறைச்சி ரசத்துக்கே ‘ரெஸ்ரோறான்’ என்று பெயர். ‘தேற்றுவது’ என்பது அச்சொல்லின் பொருள். பின்னர் அந்த ரசத்தை விற்ற கடைக்கும் அப்பெயரே ஆயிற்று. இளவரசர் ஒருவரிடம் சமையலாளராக இருந்த அந்துவான் போவிலியே என்பார், 1782ஆம் ஆண்டளவிற் பாரிசில் நிறுவிய உணவுச்சாலை பெரும் புகழ் பெற்றது. 1789இல் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. பிரபுக்கள் பலர் நாட்டைவிட்டு ஓடினர். அவர்தம் மாளிகைகளில் வேலை இழந்த சமையலாளர் சிலர் நகரத்தில் உணவுச்சாலைகளைத் திறந்தனர். 1791இல் பழைய கைத்தொழிற் சங்கங்களும் சட்டத்தாற் கலைக்கப்பட்டன. தொழிலுக்குள் நுழையும் வாயில் அகன்றது. ஆனால், அவ்வாயிலினூடே நுழைந்த சிறுவனைக் காக்கும் விதிகளும் பழைய சங்கங்களுடன் மறைந்தன.

அக்காலத்தில் அவ்வாயிலில் வந்து நின்ற ஓர் ஏழைச் சிறுவனே அந்தோனின் கரேம். பல பிள்ளைகளைப் பெற்று வளர்க்க வகையற்ற தந்தை, ஏறத்தாழப் பத்து வயதினனான இவனைப் பாரிஸ் நகரத் தெருவிலே கைவிட்டான் என்பர். சிறிய சாப்பாட்டுக் கடை ஒன்று அவனுக்கு வேலையும் உறங்க இடமும் கொடுத்தது. பின்னர் 1798ஆம் ஆண்டளவிற் பேய்லி என்னும் புகழ்பெற்ற பணியாரக் கடைக்காரரிடம் மாணாக்கனாகச் சேர்ந்தான். இந்தப் பேய்லியின் நற்பண்பை வரலாறு போற்றுதல் வேண்டும். வேலை குறைந்த வேளைகளிலே நூலகத்துக்குச் சென்று படிக்க அவர் அச்சிறுவனுக்கு விடை கொடுத்தார். கரேம் அங்கே கட்டடக் கலை நூல்களிலுள்ள படங்களைப் பார்த்து வரைந்தான். கோவில்களையும் கோபுரங்களையும் பாழடைந்த மண்டபங்களையும் சர்க்கரையிலும் மாவிலும் சமைத்துக் கடையின் கண்ணாடிச் சாளரத்தில் வைத்தான். ஊர் திரண்டு பார்த்தது. அதன்பின் இராசதந்திரி தலேரான், பிரித்தானியாவின் ஆட்சிப் பொறுப்பு இளவரசர் முதலியோருக்குச் சமைத்து, ஐரோப்பா எங்கும் புகழ் பெற்றார்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கரேமை உருவாக்கியது அடுப்பு மாத்திரமன்று. அடுப்படியிலிருந்து நூலகத்துக்குத் திறந்திருந்த கதவுமாகும். கையும் ஏடும் பகைகொண்டவை அல்ல என்பதை அக்கடைக்காரர் உணர்ந்திருந்தார். கரேமின் முடிவு இரங்கத்தக்கது. காற்றோட்டமில்லாத நிலவறைக் குசினிகளிலே கரியடுப்பின் நச்சுப் புகையை ஆண்டுக்கணக்கிற் சுவாசித்தமை அவர் உடலைக் கெடுத்தது என்பர். ஐம்பது வயதாகுமுன், 1833ஆம் ஆண்டு சனவரி 12ஆந் திகதி அவர் காலமானார்.

கரேமிடம் பயின்றவர் யூல் கூபே. 1867இல் அவர் வெளியிட்ட சமையல் நூலில், கடிகாரத்தையும் தராசையும் அருகே வைத்துக்கொண்டு, எடையையும் நேரத்தையும் திட்டமாகக் குறித்தார். ஆயினும் அவர் காலத்து அடுப்பிலே வெப்பமானி இல்லை. வெதுப்பும் அடுப்பினுள் ஒரு தாளை இட்டு, அது எவ்வளவு விரைவில் எந்நிறம் அடைகின்றது என்று பார்த்தே சூட்டை அறிந்தனர். எடையை நூல் சொல்லும். தாளின் நிறத்தைக் கண்ணே காணல் வேண்டும். வாணலியில் வெண்ணெய் உருகும்போது முதலிற் சடசடவென ஒலிக்கும். அதிலுள்ள நீர் வற்றியதும் ஒலி அடங்கும்; அடுத்து நிறம் மாறத் தொடங்கும். ஒலி அடங்குவதற்கும் கருகுவதற்கும் இடையேயுள்ள சில கணங்களே பதம். நம் தாய்மாரும் கடுகு வெடிக்கும் ஒலியைக் கேட்டே அடுத்த பொருளை இடுகின்றனர். இந்தப் பதத்தைச் சொல்லால் விளக்கலாம். ஆனால் சொல்லைக் கேட்டவன் அதனை அறிந்தவன் ஆகான். பலமுறை கருக்கிப் பார்த்தவனே அறிந்தவன் ஆவான். ஆகவே, கற்பவன் பிழை செய்வதற்கு இடமளிக்கும் அடுக்களையே நல்ல பள்ளியாகும்.

ஆனால் அக்காலத்து அடுக்களைகளிலே பிழைக்குக் கிடைத்தது பெரும்பாலும் அறையே. இதனை உடலால் அறிந்தவர் ஓகூஸ்த் எஸ்கோபியே. இவர் 1846ஆம் ஆண்டு ஒக்ரோபர் 28ஆந் திகதி, நீஸ் நகருக்கு அண்மையிலுள்ள வில்நேவ்-லூபே என்னும் ஊரிலே ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். சிற்பியாகவேண்டும் என்பதே இவருடைய சிறுவயது விருப்பம். ஆயினும் 1859இல், பதின்மூன்றாம் வயதிலே, நீஸ் நகரில் தம் சிறிய தகப்பனார் நடத்திய உணவுச்சாலையிற் பயிலுநராகச் சேர்க்கப்பட்டார். உறவினர் என்று சலுகை கிடைக்கவில்லை. ஏச்சும் அடியும் கிடைத்தன. உயரங் குறைந்தவராதலால், அடுப்புக் கதவைத் திறக்கும்போது அனல் முகத்தில் அடித்தது. அதன்பொருட்டு உயர்ந்த குதிகளையுடைய பாதணிகளை அணியலானார்.

1865இல் பாரிசுக்குச் சென்று ஒரு பெயர்பெற்ற உணவுச்சாலையிலே பணியாற்றினார். 1870இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டபோது, படைத் தலைமையகத்தின் சமையலாளராக மெற்ஸ் நகருக்குச் சென்றார். நகரம் முற்றுகையிடப்பட்டது. உணவு அருகியது, குதிரை இறைச்சியையே சமைக்கவேண்டி வந்தது. உள்ளதைக்கொண்டு ஊட்டும் வகையை அம்முற்றுகை அவருக்குக் கற்பித்தது. உணவைக் கெடாமற் பேணி அடைக்கும் முறைகளில் அவர் பிற்காலத்திற் காட்டிய ஊக்கத்துக்கு அதுவே வித்தாயிற்று.

பின்னர் சேசார் றிட்ஸ் என்னும் விடுதி முகாமையாளருடன் இணைந்து, 1890இல் இலண்டன் சவோய் விடுதியின் குசினிக்குத் தலைவரானார். 1898இல் விடுதி நிருவாகத்துடன் ஏற்பட்ட கணக்குத் தகராற்றினால் இருவரும் அங்கிருந்து விலக நேர்ந்தது. 1899 முதல் இலண்டன் கார்ல்ற்றன் விடுதி எஸ்கோபியேயின் களமாயிற்று. இவ்விடுதிகளிலே அவர் செய்த சீர்திருத்தங்களைக் கல்வி வரலாற்றின் ஒரு பகுதியாகவே நான் கருதுகின்றேன்.

முதலாவது, வேலைப் பிரிவு. அதற்கு முன் ஒவ்வொரு பிரிவினரும் தத்தம் உணவைத் தொடக்கம் முதல் இறுதி வரை தாமே ஆக்கினர். மேயர்பீர் முட்டை என்றொரு உணவு உண்டு; முட்டையும் வாட்டிய ஆட்டுச் சிறுநீரகமும் ஒரு குழம்பும் சேர்ந்தது. ஒருவரே செய்யின் அதற்குக் கால்மணி நேரம் செல்லும். எஸ்கோபியே முட்டையை ஒருவரிடமும், சிறுநீரகத்தை வாட்டுபவரிடமும், குழம்பைக் குழம்புக்காரரிடமும் ஒப்படைத்தார். சில நிமிடங்களில் உணவு மேசைக்குச் சென்றது. பயிலும் இளைஞன் இப்பிரிவுகளில் ஒவ்வொன்றாகப் பணி செய்து முன்னேறுவானாயின், முழுக் கலையும் படிப்படியாக அவன் கைக்கு வரும்.

இரண்டாவது, ஒழுக்கம். வெப்பத்தாற் களைத்த சமையலாளர் மதுவருந்துவது அக்காலத்து வழக்கம். அவர் அதனை விலக்கி, பார்லி அரிசியிற் காய்ச்சிய பானத்தைக் குசினியில் வைத்தார். வசைமொழியைத் தடுத்தார். உணவுக் கட்டளைகளை உரத்துக் கூவுபவனுக்குக் ‘குரைப்பவன்’ என்று பொருள்படும் பெயர் வழங்கிவந்தது. அதனை ‘அறிவிப்பவர்’ என்று மாற்றினார். தமக்குச் சினம் எழுவதை உணர்ந்தால், குசினியைவிட்டு வெளியே சென்று, தணிந்த பின்னரே திரும்புவார் என்பர். தொழிலாளர் நல்லுடை உடுத்தி வெளியே செல்லவும், இளமையில் இழந்த படிப்பைப் பெறவும் தூண்டினார்.

அடியாத மாடு படியாது என்னும் பழமொழி நம்மிடையே இன்றும் வழங்குகின்றது. அடிபட்டுக் கற்றவர் பலர், தாம் தேர்ச்சி பெற்றது அடியினால் என்றே நம்பி, அதனையே அடுத்த தலைமுறைக்கும் கொடுக்கின்றனர். எஸ்கோபியே அவ்வாறு நம்பவில்லை. தாம் பெற்ற தேர்ச்சியைத் தாம் பெற்ற அடியிலிருந்து பிரித்துப் பார்க்கும் அறிவு அவருக்கு இருந்தது. கற்பித்தற்றொழிலில் நெடுங்காலம் கழித்தவன் என்ற முறையிற் கூறுகின்றேன்: ஆசிரியர்க்கு வாய்த்தற்கரிய அறிவு இதுவே.

மூன்றாவது, நூல். 1903இல், துணையாசிரியர் சிலருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட சமையல் வழிகாட்டி நூலில் ஐயாயிரத்தளவான செய்முறைகள் உள்ளன. அந்நூலைப் புரட்டும் புதியவர் திகைப்பர். பல செய்முறைகள் நான்கைந்து வரிகளுக்குள் முடிந்துவிடும். எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்று பெரும்பாலும் கூறப்படவில்லை. ஏனெனில், அடுக்களையில் முன்னரே கை பழகியவர்க்கு நினைவூட்டவே அது எழுதப்பட்டது. கையின் கல்விக்குத் துணையாக நிற்பதே தன் பணி என்பதை அந்நூல் அறிந்திருந்தது.

எனினும் எல்லாக் குசினிகளும் எஸ்கோபியேயின் குசினிகள் ஆகவில்லை. ஜோர்ஜ் ஓர்வெல் என்னும் ஆங்கில எழுத்தாளர், 1929இல் வறுமையுற்றுப் பாரிஸ் நகரத்து ஆடம்பர விடுதி ஒன்றிலே பாத்திரம் கழுவுபவராக வேலை செய்தார். அந்த அனுபவத்தை அவர் எழுதிய நூல் 1933இல் வெளிவந்தது. நிலவறையின் வெப்பமும் அழுக்கும், ஓய்வில்லா உழைப்பும் அதிற் காட்டப்பட்டுள்ளன. சமையலாளர் தம் தொழிற்றிறனால் தலை நிமிர்ந்து நிற்க, பாத்திரம் கழுவுபவர் அதே கூரையின்கீழ் உழைத்தும் எதனையும் கற்காமல் தேய்ந்தனர். அடுக்களையில் நிற்பதனால் மாத்திரம் ஒருவன் கற்றுவிடுவதில்லை; கற்பிக்கும் எண்ணமுடையவர் அங்கே இருத்தல் வேண்டும். இல்லையேல், பயிற்சி என்பது மலிந்த கூலிக்கு இட்ட அழகிய பெயராகவே முடியும்.

பெருவிடுதிக் குசினிகள் ஆடவர்க்கே உரியனவாயிருந்த அக்காலத்திலே, லியோன் நகரத்துப் பெண்கள் தனிவழி வகுத்தனர். எழினி பிராசியே என்பார் 1895இல் ஒரு குடியானவர் குடும்பத்திற் பிறந்தார். பத்து வயதில் தாயை இழந்து, பண்ணைகளிற் கூலிவேலை செய்தார். இளமையிலே கையிற் குழந்தையுடன் லியோனுக்கு வந்து, ஒரு வீட்டிற் பணிப்பெண்ணானார். பின்னர் ‘பிலியூ அம்மா’ என்று ஊரார் அழைத்த ஒரு பெண்மணியின் உணவுச்சாலையில் வேலைக்கமர்ந்து தொழிலைக் கற்றார். 1921இல் சிறு முதலுடன் தமது உணவுச்சாலையைத் திறந்தார். 1933இல் அவருடைய இரண்டு உணவுச்சாலைகளும் மிச்லின் வழிகாட்டியின் அதியுயர் மதிப்பாகிய மூன்று நட்சத்திரங்களை ஒருங்கே பெற்றன. அதற்குமுன் எவரும் அப்பேறு பெற்றதில்லை.

1946இல் ஓர் இளைஞர் அந்த அம்மையாரிடம் தொழில் கற்க வந்தார். அவருக்கு அடுப்பு வேலையுடன் வேறு வேலைகளும் கிடைத்தன: தோட்டத்திற் காய்கறி பேணுதல், பசுவிற் பால் கறத்தல், துணி வெளுத்தல். அவ்விளைஞரே பிற்காலத்து உலகப் புகழ் பெற்று, 2018இல் மறைந்த போல் பொக்கியூஸ். பால் கறத்தல் சமையற் பயிற்சியாகுமா என்று சிலர் வினவலாம். பாலின் தன்மையை மாட்டின் மடியிலிருந்தே அறிந்தவன், அதனை வீணாக்கத் துணியான் என்பது ஒரு விடை. ஆனால், அவ்வேலை எந்த எல்லை வரை பயிற்சி, எங்கே தொடங்கி ஊழியம் என்னும் வினா அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கின்றது.

அவ்வெல்லையை ஆசானுடைய நல்லெண்ணத்துக்கே விட்டுவிடலாகாது என்பதைப் பிரெஞ்சு அரசு காலப்போக்கில் உணர்ந்தது. 1919ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நிறைவேறிய அஸ்தியே சட்டம், கைத்தொழில், வணிகத் துறைகளிற் பணிபுரியும் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குத் தொழிற்கல்வி வகுப்புகளை வகுத்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டம், பயிலுநர் தம் காலத்தின் ஒரு பகுதியைப் பயிற்சி நிலையத்திலும் மறுபகுதியைத் தொழிற்களத்திலும் கழிக்கும் முறையை உறுதிப்படுத்தியது. இன்று அங்கே சமையல் பயிலும் பிள்ளை சில நாட்கள் வகுப்பிலும் ஏனைய நாட்கள் உணவுச்சாலைக் குசினியிலும் இருக்கின்றது. பேய்லி தம் தயவினாற் கரேமுக்குத் திறந்துவிட்ட கதவை, பின்வந்தோர் சட்டத்தினால் எல்லோருக்கும் திறந்துவைத்தனர் எனலாம்.

எஸ்கோபியே 1935ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆந் திகதி காலமானார். அவர் பிறந்த வீடு 1966 முதல் சமையற்கலை அருங்காட்சியகமாக விளங்குகின்றது. அவர் பெயராற் பாராட்டப்படும் உணவுகள் பல. அவற்றுள் எத்தனை இன்று மேசைக்கு வருகின்றன என்பது வேறு. அவர் நிறுவிய குசினி ஒழுங்கோ உலகெங்கும் பரவியுள்ளது.

நேயர்களே, நம் நாட்டிலும் விருந்தினர் விடுதிகளின் குசினிகளுக்கு வேலை பழகச் செல்லும் பிள்ளைகள் பலர். படிப்பு ஏறாதவன் கரண்டி பிடிக்கட்டும் என்று சொல்லி அனுப்பும் பெற்றாரும் உளர். கரண்டி பிடித்தலும் படிப்பே. அதற்கும் கூர்த்த கண்ணும் செவியும் பொறுமையும் நினைவாற்றலும் வேண்டும். அங்ஙனம் அனுப்பும்போது, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதுடன் வேறு சிலவற்றையும் கேட்டறிதல் நன்று. அங்கே எம் பிள்ளைக்குக் கற்பிப்பவர் யார்? ஓராண்டு கழிந்தபின்னும் அவன் பாத்திரம் கழுவிக்கொண்டே நிற்பானா, அல்லது அடுப்பண்டை வந்திருப்பானா? பிழை செய்தால் அவனுக்குக் கிடைப்பது அடியா, மறுமுறை செய்து பார்க்க வாய்ப்பா? படிப்பதற்கு ஒரு பொழுதேனும் விடுவார்களா? நீஸ் நகரத்து அடுப்பின்முன் உயர்ந்த குதிகளுடன் நின்ற அச்சிறுவனுக்காக இவ்வினாக்களை அன்று எவரும் கேட்கவில்லை. நம் பிள்ளைகளுக்காக நாம் கேட்கலாம்.